பலகையில் ஒரு காலி ஆணி

அலுவலகத்தில் நான் எழுதித் தள்ளிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் ஒன்றைத்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அது தப்பான வாக்கியம். அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் அதைத் திருத்திவிட்டேன். வீட்டில் திருத்தவில்லை. திருத்தினால் கடைசிக் காலத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதலை என் கையாலேயே பிடுங்கியதாகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் இரண்டு மாதம் அவர் முன்னால் உட்கார்ந்து பொய்யைப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் யாருக்கும் அது புரிந்ததில்லை. விடியற்காலையில் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி, பெங்களூரில் இறங்கி, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து படம் பார்ப்பேன். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள ஓவியங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. கண் தெரியாதவர்களுக்காக அந்த ஓவியங்களை ஆங்கிலத்தில் விவரித்து எழுத வேண்டும். ஓவியத்தின் கீழே ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நான் எழுதியதை ஒரு பெண் குரல் படிக்கும். “டிகிரி படிச்சுட்டு படம் பாத்து கதை சொல்றதுக்கா டெய்லி ரயில்ல தொங்கினு போற?” என்று எதிர் வீட்டு அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

வேலைக்கு ஒரே சட்டம்தான். கண்ணில் படுவதை எழுது, ஊகித்து எழுதாதே. ஒரு பெண் அழுகிறாள் என்று எழுதக் கூடாது. அவள் கண்ணுக்குக் கீழே நீர்த்துளி இருக்கிறது என்று எழுதலாம். இந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறைதான் மீறினேன்.

போன வருடம் அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. அவர்களுடைய நிரந்தரச் சேகரிப்பில் இருக்கும் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி வழி வந்த, கலைஞர்களின் படைப்புகள். அந்தத் தலைப்பைப் பார்த்து முதலில் சிரித்தேன். மெக்ஸிகோக்காரர், பொலிவியாக்காரர், கியூபாவிலிருந்து படகில் வந்தவர், டெக்சாஸிலேயே நாலைந்து தலைமுறையாக இருந்துகொண்டு ஸ்பானிய மொழியை மறந்தே போனவர், எல்லாரையும் ஒரே டப்பாவில் போட்டு ஒரே சீட்டை ஒட்டியிருந்தார்கள். அப்புறம் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. பெங்களூரில் நான் தமிழ்க்காரி. குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் “கர்நாடகாக்காரங்க வந்துட்டாங்க” என்று இலை போடுகிறார்கள். எங்கள் டப்பாவுக்குச் சீட்டுகூடக் கிடையாது.

படங்கள் நன்றாக இருந்தன. எலுமிச்சம்பழக் கூடைக்குப் பின்னால் தூங்கிப்போன கிழவி. கோஸ் வயலில் குனிந்திருக்கும் ஆட்களின் முதுகுகள் மட்டும் தெரிகிற ஒரு புகைப்படம். மாவுச் சாக்குகளைப் பிரித்து ஒட்டுப்போட்டுத் தைத்த, சுவர் அகலத்துக்கு ஒரு திரை. முழுக்க முழுக்கச் சிவப்பு, ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு கறுப்பு என்று ஒரு ஓவியம். அதை விவரிக்க எனக்கு அரை நாள் பிடித்தது. நிரந்தரச் சேகரிப்பு என்றால் என்ன என்று எங்கள் டீம் லீடரிடம் கேட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், மைசூர்ப் பெண். ஒரு படம் அதில் சேர்ந்துவிட்டால் பிறகு யாரும் அதை வெளியே தள்ள மாட்டார்கள், தீப்பிடிக்காமல், பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். அப்பாவும் தங்கச் சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆள்தான். சுரங்கத்தை மூடியபோது அந்தச் சொல்லுக்குக் காற்றில் பறக்கும் காகிதத்துக்குக் கொடுக்கும் மரியாதையைக்கூட யாரும் கொடுக்கவில்லை.

வரிசையில் நாற்பதாவதோ என்னவோ, அந்தப் படம் வந்தது. மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த அச்சுப் படம். கறுப்பு, வெள்ளை, வேறு நிறம் இல்லை. சுவரில் ஒரு பெரிய பலகை. பலகையில் வரிசை வரிசையாக ஆணிகள். ஆணிக்கொரு வட்டத் தகடு, தகட்டில் எண். கடைசி வரிசையில் ஒரே ஓர் ஆணி மட்டும் காலி. பலகைக்கு முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் சோற்றுத் தூக்கோடு ஒரு பெண். தலைப்பு இல்லை. வரைந்தவள் பொலிவியாவில் ஒரு சுரங்க ஊரில் பிறந்து, சிறு வயதில் வடக்கே குடியேறியவள், இறந்துவிட்டாள் என்று மட்டும் குறிப்பு இருந்தது. டீம் லீடர் எட்டிப் பார்த்து, ஹோட்டலில் சாவி மாட்டுகிற பலகையா என்று கேட்டாள்.

எங்கள் கே.ஜி.எஃப்.பில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அது என்ன என்று தெரியும். டோக்கன் பலகை. எங்கள் சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு வருகிறவன் டைம் ஆபீஸ் பலகையிலிருந்து தன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேஜில் ஏறுவான். கேஜ் என்பது ஆட்களைக் கீழே இறக்குகிற இரும்புக் கூண்டு. வேலை முடிந்து மேலே வந்ததும் டோக்கனைத் திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். டோக்கன் தொங்கினால் ஆள் மேலே வந்துவிட்டான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. சுரங்கத்தின் சங்கு நேரம் தப்பி ஊதினால் பெண்கள் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள், ஓடிப்போய் பலகையைத்தான் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு காலி ஆணி உண்டு. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. ஐந்து பேர் கொண்ட கேங். அதில் நாலு பேர் இருந்த இடத்தில் பாறை வெடித்துச் சரிந்தது. மூன்று உடல்கள் கிடைத்தன. அவர்கள் சட்டைப் பையிலிருந்த டோக்கன்களைக் கழுவிப் பலகையில் மாட்டினார்களாம். செத்தவனானாலும் மேலே வந்துவிட்டான் என்றால் டோக்கன் ஏற வேண்டும், அதுதான் வழக்கம். சித்தப்பா கிடைக்கவே இல்லை. அந்த லெவலை, அந்த ஆழத்துச் சுரங்கப் பாதையை, சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். பிறகு கம்பெனியை மூடியபோது, தண்ணீர் இறைக்கிற பம்புகளையும் நிறுத்தினார்கள். சுரங்கம் அடியிலிருந்து நிரம்பத் தொடங்கியது. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏனென்று அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஐந்து பேரில் அப்பாவும் ஒருவர். அன்றைக்கு அவருக்கு வேறு ஷிஃப்ட் போட்டிருந்தார்கள், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. அம்மா சாகும்வரை அப்படித்தான் சொன்னாள்.

வீட்டுச் சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் போட்டோ இருக்கிறது. பௌர்ணமிக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெழுகுவத்தி. அதைத் தவிர அப்பா தம்பியைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அன்று நான் சட்டத்தை மீறினேன். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியாக இப்படிச் சேர்த்தேன்: “எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் கீழே இருக்கிறார். அந்தக் காலி ஆணி அவருக்காகக் காத்திருக்கிறது.” டீம் லீடர் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, இந்த வரிகளை நான் அடித்து நீக்க மாட்டேன் என்றாள். அருங்காட்சியகத்திலிருந்தும் பாராட்டி ஒரு வரி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பெரிய கட்டடத்தில், இத்தனை மெத்தப் படித்தவர்கள் நடுவில், இது எனக்கு மட்டும்தானே தெரிந்தது என்ற திமிர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் படித்தேன். அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுரையீரலில் கல்தூசி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓயாமல் உறுமும். கண்ணில் புரை, மல்லாந்து படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் ஆபரேஷன் செய்ய எந்த டாக்டரும் கை வைக்கவில்லை. உடம்பில் உருப்படியாக மிஞ்சியது பல் வரிசை ஒன்றுதான். இந்த வயதிலும் வேர்க்கடலையை ஓட்டோடு கடிப்பார். கீழ்வாயில் ஒரே ஒரு கடைவாய்ப் பல் மட்டும் இல்லை. சின்ன வயதில் அந்தச் சந்தில் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன்.

படத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பலகை, ஆணிகள், தகடுகள், அந்தப் பெண். கடைசி மூன்று வரியைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். அவர் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்.

“எங்க கீது அந்தப் பலக?”

“அமெரிக்காவுல, நைனா. மியூசியத்துல.”

“எடுத்துட மாட்டாங்களே?”

“மாட்டாங்க. அது பெர்மனென்ட்.”

“தண்ணி கிண்ணி பூந்துடாதே?”

“ஈரம்கூடப் படாம பாத்துக்குவாங்களாம்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. குழாயை நானே எடுத்து மாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் படிக்கச் சொன்னார். படித்ததும் தம்பியைப் பற்றிப் பேசுவார். சட்டைப் பையில் டோக்கனோடு ஒரு சீப்பும் வைத்திருப்பாராம். அத்தனை அடி ஆழத்தில், வேர்வையிலும் சேற்றிலும், சாப்பாட்டு நேரத்தில் தலை சீவுவாராம். “எந்த ராணிய பாக்க போறடான்னு கேப்பம். மேல போனா தெரியும்பான்.” சொல்லிவிட்டுச் சிரிப்பார், சிரிப்பு இருமலாகும். நாற்பது வருடமாக வாய் திறக்காத மனிதர். இராத்திரி நன்றாகத் தூங்கினார். நான் ரயிலில் போகும்போது அவரே கேட்டுக்கொள்ளட்டும் என்று என் பழைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பொத்தான் மேல் அவர் விரல் தடவி உணர ஒரு ஸ்டிக்கர் பொட்டும் ஒட்டிக் கொடுத்தேன். ஒரு நாள் அழுத்திக் கேட்டுவிட்டு, “அந்தம்மா ரயிலாட்டம் ஓடுது, நீயே படிம்மா” என்று தலையணைக்கடியில் வைத்துவிட்டார். அந்தப் போனை நான் அத்தோடு மறந்துபோனேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. படத்தைச் செதுக்கியவளின் மகள் எழுதியிருந்தாளாம். பக்கத்தைக் கேட்டதாகவும், மிக அழகாக இருப்பதாகவும், ஆனால் தலைகீழாக இருப்பதாகவும் எழுதியிருந்தாள். அவர்கள் ஊரில் கீழே இறங்குகிறவன்தான் தகட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான். மேலே வந்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். தொங்குகிற தகடெல்லாம் கீழே மாட்டிக்கொண்டவர்கள். அவர்கள் யாரும் வரவில்லை. காலி ஆணி, பிழைத்து வந்த ஒருவருடையது. அவர் அவளுடைய தாத்தா. தூக்கோடு நிற்பவள் பாட்டி. புருஷன் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் தினமும் போய் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாளாம். தயவு செய்து திருத்துங்கள் என்று முடித்திருந்தாள்.

டீம் லீடர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊகிக்காதே என்று தினமும் சொல்கிறோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். நான் திருத்தினேன். “பலகையில் தொங்கும் தகடுகள் எல்லாம் கீழே இருப்பவர்களுடையவை. காலி ஆணி, மேலே வந்த ஒரே ஒருவருடையது.” இரண்டே வரி. தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைத்தேனே, அந்த முட்டாள்தனத்தை எதை வைத்துத் திருத்துவது? அந்த ஊரில் செத்துப்போன எத்தனை பேரை நான் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

அன்று மாலை ரயிலில் ஊரிகம் ஸ்டேஷன் வரும்வரை, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சாம்பல் மண் மழையில் கரைந்து தண்டவாளத்தோரம் ஓடியது. வீட்டுக்குப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தினி பேரு பாத்திருப்பாங்க அந்தப் படத்த?” நிறையப் பேர் நைனா என்றேன். அதோடு என் தைரியம் தீர்ந்தது.

ஞாயிறுதோறும் பழைய வாக்கியத்தையே படித்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதைப் படிப்பது போலக் கண்ணை ஓட்டினேன். கண் தெரியாதவர் முன்னால் எதற்கு அந்த நடிப்பு? ஒவ்வொரு வாரமும் என் குரல் இன்னும் உருக்கமாகிக்கொண்டே போனது, அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை நான் நோய் என்று நினைத்தேன். சீப்புக் கதை நின்றுவிட்டது. வேர்க்கடலையைத் தட்டோடு தள்ளிவிட்டார். ராபர்ட்சன்பேட்டை டாக்டர், இனி இப்படித்தான் என்றார். அதை நம்பிக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானம். சோறு ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல ஆரம்பித்தேன். “எல்லாரும் மேல வந்துட்டாங்க. ஒருத்தர் மட்டும்...”

“போதும்மா.”

“இன்னா நைனா?”

அவர் தலையணைக்கடியில் கையை விட்டுப் பழைய போனை எடுத்தார். ஸ்டிக்கர் பொட்டைத் தடவி அழுத்தினார். அந்தப் பெண் குரல் ரயில் வேகத்தில் நான் திருத்தி எழுதியதைப் படித்தது. அதில் எல்லாரும் ‘பிலோ’, கீழே, என்று வந்தது; ஒரே ஒருவர் ‘சர்ஃபேஸ்’, மேலே, என்று வந்தது. முப்பது வருடம் கேஜில் ஏறி இறங்கியவருக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

“எப்பத்திலிருந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“மாத்தின வாரமே. நீ படிக்கறது ஒண்ணு, அது சொல்றது ஒண்ணு. இன்னாடா இதுன்னு எதிர் வீட்டுப் பொண்ணுகிட்ட சார்ஜ் போட்டு வாங்கி, திருப்பித் திருப்பிக் கேட்டேன்.”

“மன்னிச்சுடு நைனா. உனக்கு மனசு ஒடஞ்சுடும்னுதான்...”

“நீ எனக்காவ பொய் சொன்ன. நானும் பொய் சொன்னவன்தான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். மெஷின் உறுமியது. “நானும் அந்த ஷிஃப்டுதாம்மா.”

என் கையிலிருந்த போனைக் கட்டில்மேல் வைத்தேன்.

“காலைல எறங்கனதுல இருந்தே பாறை சத்தம் குடுத்துகினே இருந்துச்சு. சுள்ளி ஒடயற மாதிரி. மத்தவங்களுக்கு அது தெனம் கேக்கற சத்தம். எனக்கு அன்னிக்கு இன்னா ஆச்சோ, கை கால் ஆடிப்போச்சு. நீ அப்பதான் பொறந்திருந்த. பயமா கீதுன்னு சொல்ல வெக்கம். பல்லு வலி தாங்கலன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். போய் ஆஸ்பத்திரில காட்டுன்னாரு. தம்பி சிரிச்சான். பல்லுக்கெல்லாம் லீவாண்ணான்னு. அவனையும் வாடான்னு கூப்ட்டிருக்கலாம். கூப்ட்டா ஏன்னு கேப்பான்.”

“நைனா, போதும்.”

“மேல வந்து டோக்கன மாட்டினேன். பொய்யின்னு தெரிஞ்சுடுமேன்னு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு பாத்துட்டு, பல்லு நல்லாதானே கீதுன்னாரு. இல்ல சார், வலிக்குது, புடுங்குங்கன்னேன். நாற்காலில ஒக்காந்துகினு இருக்க சொல்ல பூமி ஆடுச்சு. பாறை வெடிச்சுடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டாக்டரு கையில பல்லு.”

நான் விரல் விட்டு விளையாடிய சந்து அது. அம்மாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்க நினைத்தேன். தெரியாமல் எப்படி இருக்கும்? வாயில் பஞ்சும் இரத்தமுமாக வந்தவருக்கு அவள்தானே கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருப்பாள்.

“அந்த ஊரு பலகதான் சரியான பலக,” என்றார். “எல்லாரும் கீழ கீறாங்க. ஒருத்தன் மட்டும் மேல வந்துட்டான். அந்தக் காலி ஆணி என் தம்பி இல்லம்மா. நானு.”

பழைய போனை என் பக்கம் தள்ளி, “அத நீ படி” என்றார். “அந்தம்மா வேணாம். தமிழ்ல படி.”

படித்தேன். பலகையில் தொங்கும் தகடுகள் எல்லாம் கீழே இருப்பவர்களுடையவை. காலி ஆணி, மேலே வந்த ஒரே ஒருவருடையது. இந்த முறை குரலில் எந்த உருக்கமும் வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். அதில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்பது போல இருந்தது அந்த ஆட்டல்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படிக்கச் சொல்வதில்லை. எதிர் வீட்டு அக்காவிடம் பழைய போனுக்கு சார்ஜ் போடச் சொல்வதில்லை. பௌர்ணமிக்கு மெழுகுவத்தி ஏற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் தப்பாக எழுதியிருந்த சில வாரங்கள் மட்டும் அவர் நன்றாகத் தூங்கினார். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல ரயிலேறுகிறேன்.